எதற்கெடுத்தாலும் பகடை உருட்டலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதல் மாதம் என்னென்ன நடக்கும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். போனில் இருக்கும் போட்டோக்கள் எல்லாம் கம்ப்யூட்டருக்கு வந்து சேரும். எக்ஸெலில் வீட்டுக் கணக்கு எழுத ஆரம்பித்து, நான்காம் நாள் நிறுத்துவோம். பிறகு பையனோ பெண்ணோ மெதுவாக வந்து, "ஒரு கேம் போட்டுக்கட்டுமா?" என்று கேட்பார்கள். இந்தக் கட்டுரை அந்தக் கேம் சம்பந்தப்பட்டது. கார் ஓட்டுவது, சுடுவது பற்றி அல்ல. ரோல் பிளேயிங் கேம் என்று ஒரு வகை இருக்கிறதே, அதில் வரும் பகடை பற்றி எனக்குள்ள ஒரு மனக்குறையை இங்கே எழுதப் போகிறேன்.

முதலில் தெரியாதவர்களுக்காக. 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். கம்ப்யூட்டர் எல்லாம் கிடையாது. ஒரு மேஜை, நாலைந்து நண்பர்கள், பேப்பர், பென்சில், பகடைகள். அவ்வளவுதான். ஒருவர் கதையை நடத்துவார். அவருக்குக் கேம் மாஸ்டர் என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம். ஒருவர் வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன். "நீங்கள் ஒரு பழைய கோட்டை வாசலில் நிற்கிறீர்கள், என்ன செய்கிறீர்கள்?" என்று கேம் மாஸ்டர் கேட்பார். "நான் கதவைத் தள்ளிப் பார்க்கிறேன்" என்று ஒருவர் சொல்வார். கதவு திறந்ததா இல்லையா? இங்கேதான் பகடை வருகிறது.

இப்போதைய விதிப்படி 20 முகங்கள் கொண்ட பகடையை உருட்ட வேண்டும். விழும் எண்ணோடு அந்தப் பாத்திரத்தின் திறமைக்கு உரிய எண்ணைக் கூட்ட வேண்டும். கேம் மாஸ்டர் மனதில் வைத்திருக்கும் இலக்கு எண்ணை எட்டினால் வெற்றி. எளிய வேலைக்கு 10, நடுத்தர வேலைக்கு 15, கடினமான வேலைக்கு 20 என்று இலக்கு வைப்பார்கள். இதற்கு ஸ்கில் செக் என்று பெயர். கம்ப்யூட்டரில் வரும் ரோல் பிளேயிங் கேம்களில் பெரும்பாலானவை இந்தக் கணக்கின் வாரிசுகள்தான். 1998இல் பயோவேர் நிறுவனம் செய்த பால்டர்ஸ் கேட்டில் இந்தக் கணக்கைக் கம்ப்யூட்டர் திரைக்குப் பின்னால் போட்டது. 2023இல் லேரியன் ஸ்டுடியோஸ் வெளியிட்ட பால்டர்ஸ் கேட் 3இல் முக்கியமான உரையாடல்களின்போது 20 முகப் பகடையே திரையில் வந்து உருளுகிறது. (வாங்கும் முன் பார்த்துக் கொள்ளுங்கள்: ஹார்ட் டிஸ்கில் 150 ஜிபி இடம் கேட்கும், அதுவும் எஸ்எஸ்டியாக இருக்க வேண்டும். தனி கிராபிக்ஸ் கார்டும் வேண்டும். சாதாரண லேப்டாப்பில் ஓடாது. கடையில் "எல்லாம் ஓடும் சார்" என்றுதான் சொல்வார்கள்.)

இனி என் மனக்குறைக்கு வருகிறேன்.

என் அக்கா மகன் கல்லூரியில் படிக்கிறான். சனிக்கிழமை இரவு ஹெட்போன் மாட்டிக் கொண்டு உட்கார்ந்தால் பதினொரு மணி வரை எழுந்திருக்க மாட்டான். நண்பர்கள் நாலு பேர் நாலு ஊரில் இருக்கிறார்கள். இவன்தான் கேம் மாஸ்டர். இன்டர்நெட் வழியாகவே வரைபடம், பகடை, பேச்சு எல்லாம். ஒரு சனிக்கிழமை நானும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டேன்.

அன்று கதை ஒரு பிரபுவின் மாளிகையில் நடந்தது. பிரபு ஒரு கடிதத்தை ஒளித்து வைத்திருக்கிறார். அது கிடைத்தால்தான் அடுத்து எங்கே போவது என்று தெரியும். கடிதம் மேஜை டிராயருக்குப் பின்னால் ஒட்டப்பட்டிருப்பதாக என் மருமகன் நோட்டில் எழுதி வைத்திருந்தான். நான் பார்த்தேன். ஆடுபவர்களில் ஒரு பெண், இரண்டு மாதம் முன்புதான் முதல் லேப்டாப் வாங்கியவள், இந்த விளையாட்டுக்கே புதிது. அதுவரை அதிகம் பேசவில்லை. அவள் சொன்னாள்: "நான் டிராயரை முழுசா வெளிய எடுத்துட்டு, பின்பக்கம் கையை விட்டுப் பாக்கறேன்."

எனக்குக் கை தட்ட வேண்டும் போல் இருந்தது. சரியாக அங்கேதான் கடிதம் இருக்கிறது!

என் மருமகன், "சரி, உருட்டு" என்றான்.

அவள் உருட்டினாள். 4 விழுந்தது. அவளுடைய பாத்திரத்துக்குக் கூட்ட வேண்டியது 1. மொத்தம் 5. இலக்கு 15. "ஒண்ணும் கிடைக்கலை" என்றான். பிறகு மற்ற மூன்று பேரும் "நானும் தேடறேன்" என்று வரிசையாக உருட்டினார்கள். ஒருவருக்கும் விழவில்லை. கதை நின்று போயிற்று. நாற்பது நிமிடம் அந்த அறையைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அந்தப் பெண் அம்மா கூப்பிடுகிறார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை.

"மாமா, பகடையில விழலையே, நான் என்ன பண்ணட்டும்? ரூல் அப்படித்தான்" என்றான் அவன்.

ரூல் அப்படி இல்லை. அதைத்தான் அவனிடம் ஒரு மணி நேரம் வாதாடினேன். இப்போது உங்களிடமும் சொல்கிறேன்.

நம் வீடுகளில் தாயம் ஆடியவர்களுக்கு இது உடனே புரியும். எங்கள் வீட்டுப் பித்தளைத் தாயக்கட்டையில் நாலு பக்கமும் 0, 1, 2, 3. இரண்டு கட்டையை உருட்டித் தாயம், அதாவது மொத்தம் 1 விழுந்தால்தான் காயைக் கட்டத்தில் இறக்கலாம். 16 விதமாக விழக்கூடியதில் 2 விதம் மட்டுமே தாயம். பத்து முறை உருட்டியும் தாயம் விழாமல் போக 100க்கு 26 வாய்ப்பு இருக்கிறது. அண்ணன் காய் பாதி சுற்றை முடித்திருக்கும், நாம் இன்னும் வெளியே உட்கார்ந்திருப்போம். தாயத்தில் அது ஒரு தமாஷ். ஏனென்றால் அங்கே கதை எதுவும் இல்லை, மற்றவர்கள் ஆட்டம் தொடர்கிறது. ஆனால் ஒரு கதையில் எல்லோருமே ஒரே தாயத்துக்காக வெளியே காத்திருந்தால்? அன்று அந்த மாளிகையில் நடந்தது அதுதான்.

2000ஆம் ஆண்டு வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மூன்றாம் பதிப்பில் ஓர் அருமையான விதி இருந்தது. தோற்றால் கெடுதல் எதுவும் இல்லை, நேரமும் நிறைய இருக்கிறது என்றால், பகடையே வேண்டாம், 20 விழுந்ததாக வைத்துக் கொள்ளலாம். அதற்கு இருபது மடங்கு நேரம் செலவாகும், அவ்வளவுதான். யோசித்துப் பாருங்கள், எவ்வளவு நியாயமான விதி! வீட்டில் சாவியைத் தொலைத்தால் தேடிக் கொண்டே இருந்தால் ஒரு மணி நேரத்தில் கிடைத்துவிடும். பஸ் வர ஐந்து நிமிடம்தான் இருக்கிறது என்றால் அப்போதுதான் நெஞ்சு படபடக்கிறது. பகடை அந்தப் படபடப்புக்கு உரியது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பும் கேம் மாஸ்டருக்கு இதையேதான் சொல்கிறது: தோல்விக்கு ஒரு விளைவு இருந்தால் மட்டுமே உருட்டச் சொல்லுங்கள். ஆனால் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை போலிருக்கிறது. மந்திரங்களின் பட்டியலைத்தான் படிக்கிறார்கள்.

இன்னொரு வகையில் கணக்கும் ஏமாற்றும். இதை நீங்களே உங்கள் கம்ப்யூட்டரில் செய்து பார்க்கலாம். எக்ஸெலைத் திறந்து கொள்ளுங்கள். ஒரு செல்லைக் கிளிக் செய்து சமக்குறி போட்டு, ஆர், ஏ, என், டி என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் கீழே ஒரு பட்டியல் விரியும். அதில் ராண்ட்பிட்வீன் என்பதை இருமுறை கிளிக் செய்யுங்கள். அடைப்புக்குறிக்குள் 1, காற்புள்ளி, 20 என்று கொடுத்து, அடைப்பை மூடி என்டர் தட்டுங்கள். இதோ உங்கள் 20 முகப் பகடை! எஃப்9 கீயை அழுத்த அழுத்த எண் மாறும். (லேப்டாப்பில் எஃப்9 அழுத்தினால் வெளிச்சமோ சத்தமோ கூடுகிறது என்றால், எஃப்என் கீயையும் சேர்த்துப் பிடித்துக் கொள்ளுங்கள்.) எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸில் இதே வேலையைச் செய்யலாம்.

இந்தச் செல்லை இழுத்து நாலு செல்லில் நிரப்புங்கள். நாலு பேர் ஒரு காவல்காரனுக்குத் தெரியாமல் சத்தமில்லாமல் கடக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் 6 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும் என்று வைத்துக் கொள்வோம். தனித்தனியாகப் பார்த்தால் 100க்கு 75 வெற்றி. நல்ல வாய்ப்பு என்று தோன்றும். ஆனால் நாலு பேரும் ஒருசேர ஜெயிக்க வேண்டுமே! அது 100க்கு 32தான். ஐந்து பேர் என்றால் 24. எஃப்9 அழுத்திப் பாருங்கள், எத்தனை தடவை நாலும் ஆறு அல்லது அதற்கு மேல் நிற்கிறது என்று. கேம் மாஸ்டர் "எல்லோரும் உருட்டுங்கள்" என்று சொன்ன நிமிடமே காவல்காரன் விழித்துக் கொண்டான் என்றுதான் அர்த்தம். அவருக்கே அது தெரியாது என்பதுதான் வேடிக்கை.

தலைகீழாகவும் நடக்கும். ஒரு பூட்டைத் திறக்க 10 விழ வேண்டும் என்றால் வாய்ப்பு 55. தோற்றால் மறுபடி, மறுபடி என்று மூன்று முறை விட்டால் 91 ஆகிவிடுகிறது. அப்புறம் எதற்கு உருட்ட வேண்டும்? நேராகவே திறந்தது என்று சொல்லிவிடலாமே. ஒரே காரியத்துக்கு ஒரே உருட்டல். நிலைமை மாறினால்தான் அடுத்தது. இது என் கட்சி.

கம்ப்யூட்டர் கேம் ஆடுபவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு குறுகுறுப்பு வர வேண்டும். எனக்கு வருகிறது. பால்டர்ஸ் கேட் 3இல் எஃப்5 அழுத்தினால் சேவ் ஆகும். எஃப்8 அழுத்தினால் சேவ் செய்த இடத்துக்குத் திரும்பும். ஒரு காவலனை வாயால் பேசி மடக்க நான் பதினொரு முறை எஃப்8 அழுத்தியிருக்கிறேன். பன்னிரண்டாவது முறை மடங்கினான். சந்தோஷமே இல்லை. தோற்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பார்க்காமலே விட்டேனே என்று பிறகு வருத்தமாக இருந்தது. அந்தக் கேமில் தோற்றாலும் கதை வேறு வழியில் போகும்படி நிறைய உழைத்திருக்கிறார்கள். நான்தான் அந்த உழைப்பைப் பார்க்கவில்லை. 2023 இறுதியில் ஒரே ஒரு சேவ் மட்டும் தரும் ஹானர் மோடு ஒன்றைச் சேர்த்தார்கள். என் போன்றவர்களுக்காகத்தான் என்று நினைக்கிறேன். நான் இன்னும் துணியவில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது 2019இல் வந்த டிஸ்கோ எலிசியம். சண்டையே கிட்டத்தட்ட இல்லாத துப்பறியும் கேம். இரண்டு ஆறுமுகப் பகடை. மவுஸை ஒரு வாக்கியத்தின் மேல் கொண்டு போனால் வெற்றிக்கு 100க்கு எத்தனை வாய்ப்பு என்று காட்டும். வெள்ளை நிறச் சோதனையில் தோற்றால், திறமையைக் கூட்டிக் கொண்டு பிறகு வந்து மறுபடி முயலலாம். சிவப்பு நிறம் என்றால் ஒரே வாய்ப்புதான். பார்த்தவுடனேயே தெரிந்துவிடுகிறது, எது சும்மா, எது விஷயம் என்று. தோற்றால் வரும் காட்சிகள் சில சமயம் ஜெயித்தால் வருவதை விட நன்றாக இருக்கின்றன. ஒன்றும் இல்லை என்று ஒரு கதவை முகத்தில் சாத்துவது அரிது.

துப்பறியும் கதைக்கு மேஜை விளையாட்டிலும் ஒருவர் வழி கண்டுபிடித்தார். ராபின் லாஸ் என்பவர் எசோடெரரிஸ்ட்ஸ் என்ற விளையாட்டில், துப்பு கிடைப்பதற்குப் பகடையே இல்லை என்று வைத்தார். சரியான திறமை உள்ளவர் சரியான இடத்தில் தேடினால் துப்பு கிடைத்துவிடும். கிடைத்த துப்பை வைத்து என்ன முடிவுக்கு வருகிறார்கள் என்பதில்தான் ஆட்டம். என் மருமகனுக்கு இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

பிறகு அவன் ஒரு கேள்வி கேட்டான். அதுவும் நியாயமான கேள்வி. "அப்படின்னா நான் நினைக்கறவங்களுக்கு எல்லாம் சரின்னு சொல்லிட்டே போகலாமே மாமா? என் பிரண்டுக்கு ஒரு மாதிரி, மத்தவங்களுக்கு ஒரு மாதிரின்னு ஆயிடாதா? பகடை யாருக்கும் பாரபட்சம் பாக்காது."

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பகடையே இல்லாத விளையாட்டும் உண்டு. 1991இல் எரிக் வுஜிக் எழுதிய ஆம்பர் அப்படிப்பட்டது. ஆனால் அதற்கு மிகவும் தேர்ந்த கேம் மாஸ்டர் வேண்டும். கல்லூரிப் பையனிடம் அத்தனை அதிகாரத்தைக் கொடுக்க நானும் தயங்குவேன். வாள் சண்டையில் அடி பட்டதா, பள்ளத்தைத் தாண்டினானா என்பதற்கெல்லாம் பகடை கட்டாயம் வேண்டும். அங்கே இரண்டில் எது நடந்தாலும் கதை மாறுகிறது.

இன்னொரு விஷயம் அவன் சொல்லித்தான் எனக்கு உறைத்தது. அந்தக் குழுவில் ஒரு பையனுக்குத் திக்குவாய். அவன் தேர்ந்தெடுத்த பாத்திரம் பேச்சில் மன்னனையே மயக்கும் பாணன். அவனிடம் போய், "மன்னனிடம் என்ன பேசுகிறாய், பேசிக் காட்டு, நன்றாக இருந்தால் ஒத்துக் கொள்கிறேன்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அவனுக்குப் பகடைதான் நாக்கு. "மன்னனின் செத்துப்போன தம்பியை ஞாபகப்படுத்தறேன்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு உருட்டுகிறான். 18 விழுகிறது. எல்லோரும் கை தட்டுகிறார்கள். இதைப் பறிக்க நான் யார்? டிராயர் விஷயத்தில் பகடை அந்தப் பெண்ணின் மூளையைப் பறித்தது. மன்னன் விஷயத்தில் இந்தப் பையனுக்குக் குரல் கொடுத்தது. இரண்டும் ஒரே 20 முகப் பகடைதான். கம்ப்யூட்டர் எண்ணை மட்டும்தான் தரும். யாருக்கு எப்போது உருட்டச் சொல்வது என்பதை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆள்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் வீட்டிலும் இதை ஆட ஆசைப்பட்டால் காசு செலவழிக்க வேண்டியதில்லை. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டு விட்டார்கள். ஆங்கிலத்தில் சுமார் 400 பக்க பிடிஎஃப் பைல். ரோல்20 போன்ற தளங்களில் இலவசக் கணக்கு தொடங்கினால் பிரவுசரிலேயே ஆடலாம், எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். விலைக்கு விற்கும் கேம்களை இலவசமாகத் தருகிறேன் என்று சொல்லும் தளங்கள் பக்கம் மட்டும் போகாதீர்கள். வைரஸோடுதான் திரும்பி வருவீர்கள்.

என் மருமகன் அந்தப் பெண்ணுக்கு மெசேஜ் அனுப்பினான். என்ன எழுதினான் என்று நான் கேட்கவில்லை. நான்காவது சனிக்கிழமை அவள் வந்தாள். கதையை அந்த அறையிலிருந்தே மறுபடி ஆரம்பித்தான். அவள் கொஞ்சம் தயங்கிவிட்டு, டிராயரை வெளியே எடுத்துப் பின்பக்கம் பார்ப்பதாகச் சொன்னாள். "உருட்டட்டுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம். கையில ஒரு கடிதம் தட்டுப்படுது. ஆனா வெளிய யாரோ படி ஏறி வர்ற சத்தம் கேக்குது. இப்ப உருட்டு."